'இடமில்லை' என்கிறது கணினி: 64 கிலோபைட் வரம்பின் கதை

நெட்வொர்க் நிரல் எழுதிப் பழகும் மாணவர்களைத் திணறடிக்கும் பிழைச் செய்தி ஒன்று லினக்சில் உண்டு. 'பஃபருக்கு இடமில்லை' என்பது அதன் பொருள். நிரலுக்குள் அதற்கு ஈநோபஃப்ஸ் என்று பெயர். கணினியில் 16 கிகாபைட் நினைவகம் இருக்கும்; அதில் பாதிக்கு மேல் சும்மா கிடக்கும். ஆனாலும் இடமில்லை என்று கணினி அடம் பிடிக்கும்.

பகலில் சைபர்ஜெயாவில் செர்வர்களைக் கவனிக்கும் வேலை எனக்கு. சனிக்கிழமை மாலைகளில் பிரிக்ஃபீல்ட்சில் ஒரு கடைவீட்டு மாடியில் டிப்ளோமா, பட்டப்படிப்பு மாணவர்கள் சிலருடன் உட்கார்ந்து அவர்களின் நிரல்களைப் பார்ப்பேன். அங்கே கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் வரும் ஒரு தம்பி இந்தப் பிழையைக் கொண்டுவந்தார். இறுதியாண்டுத் திட்டப்பணி. கேமரா எடுக்கும் படங்களை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாக அனுப்ப வேண்டும். தரவைப் படியெடுக்காமல் அனுப்பும் வசதியைப் பயன்படுத்தியிருந்தார். அவருடைய மடிக்கணினியில் அழகாக ஓடியது. கல்லூரி ஆய்வுக்கூட செர்வரில் முதல் தொகுதியிலேயே 'இடமில்லை'. மதிப்பீட்டுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

"அண்ணே, வீட்ல ஒரு பழைய பிசியில இதே பிழை வந்துச்சு. சூடோ போட்டா ஓடுது. லேப்லயும் அந்த அனுமதி கேட்டா போதும்தானே?" என்றார்.

போதாது. ஏன் என்று சொல்ல, தரவு கணினியை விட்டு எப்படி வெளியே போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

உங்கள் நிரல் ஒரு படத்தை அனுப்பச் சொல்கிறது. அந்தப் படம் நிரலின் நினைவகத்தில் இருக்கிறது. கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, அதை அப்படியே நெட்வொர்க் கார்டிடம் கொடுத்துவிடுவதில்லை. முதலில் தன் சொந்த நினைவகத்தில் ஒரு படி எடுத்துக்கொள்கிறது. படி எடுத்ததும் நிரலிடம் 'முடிந்தது' என்று சொல்லிவிடுகிறது. கார்டு பிறகு மெதுவாக அந்தப் படியிலிருந்து அனுப்பும். நிரலோ தன் நினைவகத்தை உடனே வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம். பாதுகாப்பான ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு பைட்டையும் செயலி ஒருமுறை கூடுதலாகத் தூக்கி வைக்கிறது. சின்னச் செய்திக்கு அது பெரிதல்ல. விநாடிக்கு நூற்றுக்கணக்கான மெகாபைட் போகும்போது, செயலியின் நேரத்தில் கணிசமான பங்கு வெறும் தூக்கி வைப்பதிலேயே கரைந்துவிடும்.

இதைக் குறைக்க லினக்ஸ் நீண்ட காலமாக முயன்று வந்திருக்கிறது. 1999-இல் வந்த 2.2 பதிப்பிலேயே சென்ட்ஃபைல் என்ற அழைப்பு இருந்தது. வட்டில் உள்ள கோப்பை நிரலின் கைக்குக் கொண்டுவராமல் நேராக நெட்வொர்க்குக்குத் தள்ளிவிடும். இணையதளங்கள் படங்களையும் வீடியோக்களையும் பரிமாறுவதற்கு அது நன்றாகவே உதவியது. அங்கே பூட்டுப் பிரச்சினை இல்லை. கோப்பின் பக்கங்கள் ஏற்கனவே கெர்னலின் கையில்தான் இருக்கின்றன. ஆனால் அனுப்ப வேண்டியது கோப்பாக இல்லாமல் நிரலே அப்போது உருவாக்கிய தரவாக இருந்தால் என்ன செய்வது? நம் தம்பியின் கேமராப் படங்கள் இந்த வகை.

அதற்கான விடை 2017 நவம்பரில் வெளியான 4.14 பதிப்பில் வந்தது. கூகலில் பணிபுரியும் வில்லெம் டி புருய்ன் எழுதிய வசதி, எம்.எஸ்.ஜி. ஜீரோகாப்பி என்பது அதன் ஃபிளாக்கின் பெயர். நிரலின் நினைவகத்தில் தரவு எங்கே இருக்கிறதோ அங்கிருந்தே கார்டு எடுத்துக்கொள்ளும். பெரிய அளவில் தரவு அனுப்பும் எளிய சோதனையில் 39 விழுக்காடு முன்னேற்றம் தெரிந்ததாக அப்போது அறிவித்தார்கள். உண்மையான வேலைச்சூழலில் 5 முதல் 8 விழுக்காடுதான் என்றும் அதே அறிவிப்பில் சொன்னார்கள். இரண்டு எண்களையும் சேர்த்துச் சொன்ன அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். உங்கள் திட்டப்பணி அறிக்கையில் 39-ஐ மட்டும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

சரி, படியெடுக்காவிட்டால் என்ன சிக்கல்?

கேட்டரிங் செய்யும் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஒரு பொட்டலம் குழம்பு தாபாவ் கேட்டால் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். சட்டி கடையிலேயே இருக்கும். அடுத்த ஆளுக்கு அதிலிருந்தே ஊற்றலாம். திருமண மண்டபத்துக்கு 500 பேருக்குச் சாப்பாடு என்றால் பையில் ஊற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். சமைத்த அண்டாவையே லாரியில் ஏற்றிவிடுவார்கள். ஊற்றும் வேலை மிச்சம். ஆனால் அந்த அண்டா திரும்பி வரும்வரை கடைக்காரர் அதில் வேறு எதுவும் சமைக்க முடியாது. ஒரே நேரத்தில் எத்தனை அண்டாக்கள் வெளியே இருக்கலாம் என்பதற்கும் ஒரு கணக்கு வேண்டும். இல்லாவிட்டால் நாளைக் காலை கடையில் இட்டிலிக்கு மாவு கரைக்கக்கூடப் பாத்திரம் இருக்காது.

படியெடுக்காமல் அனுப்புவதும் அதேபோலத்தான். நிரலின் நினைவகம்தான் அண்டா. பையில் ஊற்றுவதுதான் படியெடுப்பது. பொட்டலத்துக்கு அண்டா அனுப்புவது வீண் என்பதும் இங்கே பொருந்தும். ஒரு முறைக்கு ஏறத்தாழ 10 கிலோபைட்டுக்கு மேல் அனுப்பினால்தான் இந்த வசதியால் பயன் என்று கெர்னலின் ஆவணமே சொல்கிறது. அதற்குக் குறைவாக இருந்தால் பூட்டித் திறக்கும் செலவே படியெடுக்கும் செலவைத் தாண்டிவிடும்.

பூட்டுவது ஏன்? கணினியின் நினைவகம் பக்கம் பக்கமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நாம் பயன்படுத்தும் பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4,096 பைட். சாதாரணமாக இந்தப் பக்கங்களைக் கெர்னல் தன் விருப்பப்படி நகர்த்தும்; இடம் போதாதபோது சிலவற்றை வட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தை இன்னொரு நிரலுக்குக் கொடுக்கும். நெட்வொர்க் கார்டுக்கோ இது எதுவும் தெரியாது. நினைவகத்தின் இந்த முகவரியிலிருந்து இவ்வளவு எடு என்றால் எடுக்கும். இடையில் அந்த இடம் வேறொருவருக்குப் போயிருந்தால், வேறொருவரின் தரவு உங்கள் பெயரில் வெளியே போய்விடும். அதனால் கார்டு எடுத்து முடிக்கும்வரை அந்தப் பக்கங்கள் அசையாதபடி ஆணி அடித்து வைக்கப்படுகின்றன. டிசிபி இணைப்பில் எதிர்முனையிலிருந்து 'வந்து சேர்ந்தது' என்ற ரசீது வரும்வரை ஆணி கழலாது. வழியில் தொலைந்தால் மறுபடியும் அதே இடத்திலிருந்துதானே எடுத்து அனுப்ப வேண்டும்?

ஆணி அடித்த பக்கங்களை வேறு யாரும் பயன்படுத்த முடியாது. 40 மாணவர்கள் பகிர்ந்துகொள்ளும் ஆய்வுக்கூட செர்வரில் ஒருவர் நினைவகம் முழுவதையும் பூட்டிவிட்டால், மற்றவர்களின் நிரல்களைக் கெர்னல் ஒவ்வொன்றாகக் கொல்லத் தொடங்கும். அதனால்தான் ஒரு சாதாரணப் பயனர் எவ்வளவு பூட்டலாம் என்பதற்கு மெம்லாக் என்ற வரம்பு வைத்திருக்கிறார்கள். டெர்மினலில் 'யூலிமிட் -எல்' என்று தட்டினால் உங்கள் வரம்பு தெரியும். வரும் எண் கிலோபைட்டில் இருக்கும். 64 என்று வந்தால் அது 64 மெகாபைட் அல்ல.

தம்பியின் ஆய்வுக்கூட செர்வரில் வந்தது 64. அவருடைய மடிக்கணினியில் இருந்த புதிய லினக்சில் அதைவிடப் பல மடங்கு பெரிய எண். ஓர் இடத்தில் ஓடி இன்னோர் இடத்தில் விழுந்ததற்குக் காரணம் அதுதான். நிரலில் மாற்றம் எதுவும் இல்லை.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். 64 கிலோபைட் என்றால் 16 பக்கம். தம்பி ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் தொகுதியாக அனுப்பினார். அதுவும் 16 பக்கம்தானே, சரியாகப் பொருந்துமே என்று தோன்றும். ஆனால் தரவு ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்கி இன்னொன்றின் நடுவில் முடியலாம் என்பதால், கெர்னல் எப்போதும் இரண்டு பக்கம் கூட்டியே கணக்கு வைக்கிறது. 16-உடன் 2 சேர்ந்தால் 18. வரம்பு 16. முதல் முயற்சியிலேயே பிழை.

தொகுதியை 32 கிலோபைட்டாகக் குறைத்தார். 8-உடன் 2, மொத்தம் 10 பக்கம், போய்விட்டது. அதற்கு ரசீது வருவதற்குள் அடுத்ததை அனுப்பினால் 20 பக்கம், பிழை. ரசீது வந்துவிட்டால் பிழை இல்லை. ஆகவே சில சமயம் ஓடும், சில சமயம் ஓடாது. எப்போதும் உடைந்திருக்கும் நிரலைச் சரிசெய்துவிடலாம்; நினைத்தபோது உடைவதுதான் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. இந்தக் கணக்கு நிரலுக்கு நிரல் தனியாக வைக்கப்படுவதில்லை. பயனருக்குப் பொதுவாக வைக்கப்படுகிறது. ஒரே பயனர் பெயரில் இரண்டு நிரல்கள் ஓடினால் இரண்டும் ஒரே வரம்பைப் பங்குபோடும். மேலும், ஒரு நிரல் எவ்வளவு பூட்டியிருக்கிறது என்று பார்க்க நாம் வழக்கமாகத் தேடும் 'விஎம்எல்சிகே' வரியில் இது தெரியவே தெரியாது. அங்கே பூஜ்யம்தான் இருக்கும். பூஜ்யத்தைப் பார்த்துவிட்டுப் பூட்டில் சிக்கல் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

சூடோவுக்கு வருவோம். ரூட் பயனராக ஓடும் நிரலுக்கு இந்த வரம்பைத் தாண்டும் தனி உரிமை உண்டு. அதனால்தான் பழைய பிசியில் பிழை மறைந்தது. ஆனால் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைப் பெறும் நிரலை ரூட்டாக ஓட்டினால், அதிலுள்ள ஒரு சிறு ஓட்டை வழியாக நுழைகிறவருக்கு முழுக் கணினியும் கிடைத்துவிடும். பாத்திரம் போதவில்லை என்பதற்காகக் கடைச் சாவியையே வாசலில் தொங்கவிடுவார்களா? ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் சூடோ தர மறுப்பது சரிதான். நானாக இருந்தாலும் தரமாட்டேன். டாக்கர் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கன்டெய்னருக்குள் நீங்கள் ரூட்டாகவே இருந்தாலும், இயல்பான அமைப்பில் இந்தத் தனி உரிமை உங்களுக்கு இருக்காது. அதே பிழை அங்கேயும் வரும்.

64 என்ற எண்ணை யார் வைத்தார்கள்? இதற்குள் ஒரு சின்ன வரலாறு இருக்கிறது. 2004-இல் வந்த 2.6.9 பதிப்பிலிருந்துதான் சாதாரணப் பயனர்களும் இந்த வரம்புக்குள் நினைவகத்தைப் பூட்ட முடிந்தது. 2008-இல் அதை 64 கிலோபைட்டாக உயர்த்தினார்கள். அதைக் கேட்டது குனுபிஜி என்ற மறையாக்க மென்பொருள் தரப்பு. ரகசியச் சாவிகளும் கடவுச்சொற்களும் தவறிப்போய் வட்டில் பதிந்துவிடக் கூடாது என்பதற்காக அவற்றை நினைவகத்தில் பூட்டி வைக்கிறார்கள். ஒரு சாவிக்கு எவ்வளவு இடம் வேண்டும்? 64 கிலோபைட் தாராளம். கடவுச்சொல்லை மறைக்க வைத்த அந்த அளவுதான், பல ஆண்டுகள் கழித்து வீடியோ அனுப்ப வந்தவர்களின் காலை இடறியது.

2022 ஜனவரியில் வெளியான 5.16 பதிப்பில் கெர்னலின் இயல்பான வரம்பு 8 மெகாபைட்டானது. ட்ரூ டிவால்ட் என்ற நிரலாளர் அனுப்பிய திருத்தம் அது. ஐஓ-யூரிங் என்ற புதிய வசதி நிரந்தர பஃபர்களைப் பூட்டி வைப்பதால் 64 போதவில்லை என்று காரணம் சொன்னார். 8 மெகாபைட் என்பதை எந்த ஆழ்ந்த கணக்கும் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை, ஓரளவு தாராளமாகவும் அதே சமயம் எச்சரிக்கையாகவும் இருக்கட்டும் என்று வைத்தது என்பதையும் அவரே ஒளிக்காமல் எழுதினார். உலகமெங்கும் கணினிகளுக்குள் போகும் ஓர் எண் பின்னே இப்படிப்பட்ட ஒரு வாக்கியம் இருப்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, மரியாதையும் வந்தது. ஆனால் உங்கள் கணினியில் தெரியும் எண் இதுவாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு லினக்ஸ் விநியோகமும் தன் பங்குக்கு மாற்றும்.

சரி, நமக்கு எவ்வளவு வேண்டும்? பொறுப்பாளரிடம் போய் 'வரம்பே வேண்டாம்' என்று கேட்பதைவிட ஓர் எண்ணோடு போவது நல்லது. அந்த எண்ணைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடப் பெருக்கல் போதும். ரசீது வரும்வரை பக்கங்கள் பூட்டியிருக்கும் என்று பார்த்தோம். ஆகவே விநாடிக்கு எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்பதைப் போய்வரும் நேரத்தால் பெருக்கினால் எந்த நேரத்திலும் பூட்டியிருக்கும் அளவு கிடைக்கும். ஆய்வுக்கூடத்துக்குள் 1 கிகாபிட் வேகம், போய்வர 1 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொண்டால் 125 கிலோபைட். 64 ஏன் போதவில்லை என்பது இதிலேயே தெரிகிறது. அதே வேகத்தில் கடல் கடந்து, போய்வர 200 மில்லிசெகண்ட் எடுக்கும் தூர நாட்டு செர்வருக்கு அனுப்பினால் 25 மெகாபைட் வேண்டும். புதிய 8 மெகாபைட் வரம்பில் அந்தத் தூரத்துக்குப் படியெடுக்காமல் அனுப்பக்கூடியது விநாடிக்கு 40 மெகாபைட், அதாவது 320 மெகாபிட் அளவுதான். பழைய 64-இல் விநாடிக்கு 320 கிலோபைட். தூரம் கூடக்கூட அண்டா திரும்பி வர நேரமாகும். அதனால் அண்டாக்கள் அதிகம் வேண்டும்.

தம்பி இரண்டு இணைப்புகளுக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாக 1 மெகாபைட் கேட்டு, கணக்கையும் எழுதிக் கொடுத்தார். பொறுப்பாளர் லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் மெம்லாக் என்ற வரியைச் சேர்த்தார். மறுபடியும் உள்நுழைந்த பிறகுதான் அது செயலுக்கு வரும். சிஸ்டம்டி மூலம் சேவையாக ஓடும் நிரலுக்கு அந்தக் கோப்பு பொருந்தாது. சேவையின் சொந்த அமைப்பில் லிமிட்மெம்லாக் என்று எழுத வேண்டும். இது தெரியாமல் ஒரே கோப்பைத் திரும்பத் திரும்பத் திருத்தி நாள் கணக்கில் அலைந்தவர்களை வேலையிடத்தில் பார்த்திருக்கிறேன்.

வரம்பை உயர்த்தினாலும் நிரல் பிழையைக் கையாளத்தான் வேண்டும். இடமில்லை என்று வந்தால் அந்த ஒரு தொகுதியை ஃபிளாக் இல்லாமல், பழைய முறையில் படியெடுத்து அனுப்பிவிடலாம். கொஞ்சம் மெதுவாகப் போகும், நிற்காது. இந்த நாலு வரியைத் தம்பி முதலிலேயே எழுதியிருந்தால் வரம்பு 64 ஆக இருந்தபோதும் அவருடைய திட்டப்பணி ஓடியிருக்கும். பெரும்பாலான மாணவர் நிரல்களில் இந்த நாலு வரி இருப்பதில்லை.

அடுத்தது அறிவிப்புகள். ஒரு தொகுதி முழுவதும் போய்ச் சேர்ந்ததும் கெர்னல் சாக்கெட்டின் பிழை வரிசையில் ஓர் அறிவிப்பை வைக்கும். இத்தனையாவது அனுப்புதலிலிருந்து இத்தனையாவது வரை முடிந்தது என்று எண்களாகச் சொல்லும். அதைப் படித்த பிறகே அந்த நினைவகத்தை மாற்றி எழுத வேண்டும். அதற்கு முன் கைவைத்தால் பாதிப் படம் பழையதும் பாதிப் படம் புதியதுமாகப் போகும். கணினி உங்களை எச்சரிக்காது. அறிவிப்புகளைப் படிக்காமலே விட்டால் அவை சாக்கெட்டுக்கென்று ஒதுக்கிய வேறொரு சிறு நினைவகத்தை நிரப்பும். அதன் வரம்பைத் தொட்டாலும் வருவது அதே ஈநோபஃப்ஸ்தான். ஒரே பிழைக்கு இரண்டு காரணங்கள். மெம்லாக்கை உயர்த்திய பிறகும் பிழை நிற்கவில்லை என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

அந்த அறிவிப்பில் இன்னொரு தகவலும் வரும்: கெர்னல் கடைசியில் படியெடுத்துத்தான் அனுப்பியதா என்பது. ஒரே கணினிக்குள் தனக்குத்தானே அனுப்பிச் சோதிக்கும்போது கெர்னல் படியெடுத்துவிடும். மடிக்கணினி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வேகம் கூடவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை, அங்கே கூடாது. வேகத்தை அளக்க இரண்டு கணினிகளும் நடுவில் ஒரு கேபிளும் வேண்டும்.

வரம்பைச் சோதிக்க மட்டும் ஒரு கணினி போதும். ஒரு டெர்மினலில் 'யூலிமிட் -எல் 64' என்று தட்டி வரம்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். குறைப்பதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. அதே டெர்மினலில், சாக்கெட்டுக்கு ஜீரோகாப்பி அனுமதியை முதலில் இயக்கிவிட்டு, 56 கிலோபைட் ஒன்றை அனுப்புங்கள். 14-உடன் 2 சேர்ந்து 16 பக்கம், போகும். நிரலை நிறுத்திவிட்டு, அளவை 60 கிலோபைட்டாக மாற்றி மறுபடி ஓட்டுங்கள். 15-உடன் 2 சேர்ந்து 17. இடமில்லை என்று வரும். முடிந்ததும் அந்த டெர்மினலை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறந்தால் உங்கள் பழைய வரம்பு அப்படியே இருக்கும்.